ஜெகதீசன்னு ஒரு ஓட்டக்காரர்

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஷிப்ட் பஸ்ல பக்கத்து சீட் தம்பிகிட்ட கேட்டேன்.

"மில்கா சிங் தெரியுமா?"

"படம் பாத்திருக்கேண்ணே."

"ஜெகதீசன்?"

"நம்ம கேட் செக்யூரிட்டியா?"

சிரிச்சுட்டேன். ஆனா மனசு கேக்கல மக்களே.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் தங்கம் மில்காவுக்கு. 200 மீட்டர் தங்கம் மலேயாவின் மணி ஜெகதீசனுக்கு. யாழ்ப்பாண வம்சாவளித் தமிழர், மருத்துவம் படிச்சுக்கிட்டே ஓடின மனுஷன். 1966 பாங்காக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம்னு மூணு தங்கம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்த மலேசிய சாதனை 2017 வரைக்கும் நின்னுச்சு!

மில்காவுக்கு 2013ல் இந்திப் படமே வந்துச்சு. அதுக்கப்புறம் கூகுளாண்டவர் அவரைப் பத்திக் கொட்டோ கொட்டுன்னு கொட்டுறார். அதுல தப்பில்லை, அவர் கதையைச் சொல்ல ஆள் இருந்தது. ஜெகதீசன் கதையைத் தமிழ்ல நாம சொல்லாம வேற யார் சொல்லுவா?

தம்பி இறங்கறதுக்குள்ள பாதி சொல்லிட்டேன். மீதி நாளைக்கு.