உப்பு வரியும் ஊர்ப்பள்ளியும்: பூனா எழுப்பிய ஒரு நிதிக் கேள்வி

வரி பற்றிய நம் விவாதங்கள் பெரும்பாலும் விகிதத்தோடு நின்றுவிடுகின்றன. வசூலான பணம் எங்கே போகிறது, அதை வேறு திசைக்குத் திருப்பும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்வி பின்தங்கிவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அக்கேள்வியை விடாமல் எழுப்பிய நகரம் பூனா. அதன் வரலாற்றைச் சுருக்கமாக இங்கே தொகுக்க முயல்கிறேன்.

1876–78 பெரும்பஞ்சம் சென்னை, பம்பாய் மாகாணங்களையும் மைசூர், ஐதராபாத் பகுதிகளையும் சூறையாடியது. அதன் பின் லிட்டன் பிரபுவின் அரசு ஆண்டுக்கு 1.5 கோடி ரூபாயைப் பஞ்சக் காப்புக்கென ஒதுக்குவதாக அறிவித்தது. அதற்காகவே 1878இல் தொழில், வணிகம் செய்வோர்மீது உரிம வரி விதிக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் இரண்டாம் ஆப்கானியப் போர் தொடங்கியது. 1879–80இல் பஞ்சக் காப்பு ஒதுக்கீடு நிறுத்தப்பட்டது. வரி மட்டும் தொடர்ந்தது. பஞ்சத்தின் பெயரால் திரட்டிய பணம் பொதுக் கருவூலத்தில் கலந்தது. பஞ்சக் காலத்தில் தக்காணத்துக் கிராமங்களின் நிலையை நேரில் திரட்டி அரசுக்கு அனுப்பிய அமைப்பு பூனா சர்வஜனிக் சபை. ஒரு வாக்குறுதி எத்தனை எளிதாகக் கரையும் என்பதை அதன் அறிஞர்கள் அப்போதே கண்டுகொண்டனர்.

1882இல் ஹண்டர் கல்விக் குழுவின்முன் பூனாவைச் சேர்ந்த ஜோதிராவ் புலே எழுத்துமூலம் அளித்த சாட்சியம் இக்கேள்வியை மேலும் கூர்மையாக்கியது. அரசின் வருவாயில் பெரும்பகுதி உழவரின் வியர்வையிலிருந்து வருகிறது. ஆனால் கல்விச் செலவின் பயன் உயர்கல்வி பெறும் மேல்சாதியினருக்கே சேர்கிறது என்பது அவர் வாதம். பம்பாய் மாகாணத்தில் நிலவரி ரூபாய்க்கு ஓர் அணா வீதம் உள்ளூர் வரி வசூலிக்கப்பட்டது. அதில் மூன்றில் ஒரு பங்கு கல்விக்குரியது. அந்நிதியில் தொடக்கக் கல்விக்குக் கூடுதல் பங்கு வேண்டும், 12 வயதுவரையேனும் கல்வி கட்டாயமாக வேண்டும் என்றார் புலே. வரி கொடுப்பவர் ஒருவர், பயன் பெறுபவர் வேறொருவர் என்ற முரணைச் சாதியின் ஊடாகக் கண்டது அவருடைய தனிப் பங்களிப்பு.

இருபது ஆண்டுகளுக்குப் பின், பெர்குசன் கல்லூரியில் ஆசிரியப் பணியாற்றிய கோபால கிருஷ்ண கோகலே 1902 மார்ச் 26 அன்று இம்பீரியல் சட்டமன்றத்தில் வரவுசெலவு உரை நிகழ்த்தினார். அவ்வாண்டு அரசிடம் கோடிக்கணக்கில் உபரி இருந்தது. அந்த உபரி வளத்தின் அடையாளமன்று என்று அவர் காட்டினார். இங்கிலாந்தில் பவுனாகச் செலுத்த வேண்டிய செலவுகளுக்கு, வெள்ளி ரூபாயின் மதிப்பு சரிந்த காலத்தில் மேலும் மேலும் ரூபாய் தேவைப்பட்டது. அதற்காக 1886இல் வருமான வரி வந்தது. 1888இல் உப்பு வரி மணங்குக்கு 2 ரூபாயிலிருந்து 2.50 ரூபாயாக உயர்ந்தது. 1893இல் நாணயச்சாலைகள் தனியார் வெள்ளிக்கு மூடப்பட்டன. சில ஆண்டுகளில் மாற்று விகிதம் பவுனுக்கு 15 ரூபாய் என நிலைபெற்றது. தேவை குறைந்தும் வரி குறையவில்லை. 1899–1900 பஞ்சத்தின் சுவடு ஆறாத நாட்டில் கருவூலம் மட்டும் நிரம்பியது.

கோகலே கேட்டவை இரண்டு: வரிச்சுமையைக் குறையுங்கள், எஞ்சுவதைக் கல்விக்கும் மக்கள் நலனுக்கும் திருப்புங்கள். முதல் கோரிக்கைக்குப் பலன் இருந்தது. உப்பு வரி 1903இல் 2 ரூபாயாகவும், 1905இல் 1.50 ரூபாயாகவும், 1907இல் ஒரு ரூபாயாகவும் குறைந்தது. 1903இல் வருமான வரி விலக்கு வரம்பும் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாயிற்று. இரண்டாவது கோரிக்கையோ அரசின் செலவு அதிகாரத்தையே தொட்டது. 1892ஆம் ஆண்டுச் சட்டப்படி உறுப்பினர்கள் வரவுசெலவை விவாதிக்கலாம். அதன்மீது வாக்களிக்க இயலாது.

எனவே அவர் சட்ட முன்வரைவை நாடினார். 1911 மார்ச் 16 அன்று கொண்டுவந்த தொடக்கக் கல்வி முன்வரைவு மிக எச்சரிக்கையானது. முதற்கட்டமாக ஆண்பிள்ளைகளுக்கு 6 முதல் 10 வயதுவரை மட்டுமே கட்டாயம்; அதுவும் உள்ளாட்சி அமைப்பு விரும்பி, அரசு ஒப்புதல் அளித்தால்தான். செலவில் மூன்றில் இரண்டு பங்கை அரசு ஏற்க வேண்டும். அவ்வாண்டு டிசம்பரில் டில்லி தர்பாரில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் கல்விக்கு 50 லட்சம் ரூபாய் அறிவித்தார். மூன்று மாதம் கழித்து, 1912 மார்ச்சில், அலுவலர் பெரும்பான்மை கொண்ட அவையில் 13க்கு 38 என்ற கணக்கில் முன்வரைவு தோற்றது. அருளாக வந்த பணத்துக்குத் தடையில்லை. உரிமையாகக் கேட்ட பணத்துக்கே வழியில்லை.

கோகலேயை மிதவாதி என்று கடந்துபோவது எளிது. முதற்கட்டத்தில் பெண்களைச் சேர்க்காத அவருடைய முன்வரைவு புலேயின் கோரிக்கையைவிடக் குறுகியது என்பதும் உண்மை. ஆயினும் புள்ளிவிவரத்தை அரசியல் ஆயுதமாக்கும் மரபை வளர்த்தவர்களுள் அவர் முதன்மையானவர். 1897இல் வெல்பி குழுவின்முன் அவரைப் போலவே சாட்சியம் அளித்தவர் நம் ஜி. சுப்பிரமணிய ஐயர். 1905இல் அவர் பூனாவில் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்துக்கு அவருக்குப்பின் தலைமையேற்றவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. இம்மரபில் தமிழகத்துக்கும் பங்குண்டு.

இன்று வரவுசெலவின்மீது வாக்களிக்கும் நாடாளுமன்றம் நமக்கு உண்டு. எனினும் 2007இல் இடைநிலை, உயர்கல்விக்கென 1 சதவீதத் தீர்வை விதிக்கப்பட்டது. அதற்குரிய தனி நிதியத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது 2017 ஆகஸ்டில்தான். இடைப்பட்ட பத்தாண்டுகள் 1878ஐ நினைவூட்டுகின்றன. தீர்வை வருவாய் மாநிலங்களோடு பகிரப்படுவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பூனா எழுப்பிய கேள்வி இன்னும் முடியவில்லை என்பது விளங்கும். ஒரு நோக்கத்தின் பெயரால் வரி கேட்கும் அரசிடம், அந்நோக்கத்தின் கணக்கைக் கேட்பது குடிமக்களின் உரிமை. அந்தக் கணக்கைப் படித்துச் சொல்வது ஆய்வாளர்களாகிய நம் கடமை.