மது வருவாயையும் மரணக் கணக்கையும் ஒரே கிராஃபில் போடலாமா?

உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கும் இப்படி ஒரு கிராஃப் வந்திருக்கலாம். ஒரு பக்கம் மாநில வாரியாக மது வருவாய், இன்னொரு பக்கம் தற்கொலை விகிதம். தமிழ்நாடு இரண்டிலும் மேலே, மதுவிலக்கு உள்ள பிகார் இரண்டிலும் கீழே. "குடியை நிறுத்தினா சாவும் குறையும், பார்த்தீங்களா" என்று அடியில் ஒரு வரி.

எண்கள் பொய் இல்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கைப்படி, ஒரு லட்சம் பேருக்குத் தமிழ்நாட்டில் 25.9 தற்கொலைகள், பிகாரில் 0.6. நாட்டின் சராசரி 12.4. ஆனால் பிகாரில் மதுவிலக்கு வந்தது 2016 ஏப்ரலில். அதற்கு முந்தைய ஆண்டிலும் அங்கே இந்த விகிதம் ஒன்றுக்குக் கீழேதான் இருந்தது. அப்போ காரணம் வேறு.

இந்தக் கணக்கு தொடங்குவது காவல் நிலையத்தில். குடும்பம் சத்தமில்லாமல் தகனம் செய்துவிட்டால், போலீஸ் வழக்குப் பதியாவிட்டால், இறந்தவர் அட்டவணைக்கே வரமாட்டார். 10 கோடிக்கும் மேல் மக்கள் வாழும் மாநிலத்தில் ஓர் ஆண்டுக்கு ஆயிரம் தற்கொலைகூட இல்லை என்றால், சந்தேகப்பட வேண்டியது பதிவைத்தான். குடிப்பழக்கமும் அப்படியே. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் மது அருந்துவதாகச் சொன்னவர்கள் பிகாரில் 15.5%, மதுவிலக்கு இல்லாத மகாராஷ்டிராவில் 13.9%. கஜானாவுக்கு மது வருவாய் இல்லை என்பதால் குடியே இல்லை என்று ஆகிவிடாது.

வருவாய்ப் பக்கம் சரியாக இருக்குமா?

அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. நானே இந்தப் பத்தியைப் பலமுறை திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். மனிதர்கள் குடிக்கும் மது ஜிஎஸ்டியில் இல்லை. அதற்கு மாநிலங்கள்தான் வரி போடுகின்றன, ஆனால் எல்லாம் ஒரே தலைப்பில் அல்ல. 2023-24-ல் டாஸ்மாக் மூலம் தமிழ்நாட்டுக்கு வந்தது சுமார் 45,856 கோடி ரூபாய். இதில் ஆயத்தீர்வை சுமார் 10,774 கோடி மட்டுமே. மிச்சம் 35,081 கோடி மதிப்புக் கூட்டு வரி, அதாவது வாட். மாநிலங்களை ஒப்பிடும் அட்டவணைகளில் 'ஸ்டேட் எக்சைஸ்' என்ற பத்தியை மட்டும் எடுத்தால் அந்த 35,000 கோடி கண்ணிலேயே படாது. அது விற்பனை வரிக்குள், பெட்ரோல் டீசல் வரியோடு கலந்து கிடக்கும்.

உத்தரப்பிரதேசத்தில் மது வருவாயின் பெரும்பகுதி ஆயத்தீர்வைத் தலைப்பிலேயே வருகிறது. அதே ஆண்டில் அது 45,000 கோடிக்கு மேல். அந்த ஒரு பத்தியை நம்பினால் உ.பி.யின் மது வருவாய் தமிழ்நாட்டைப் போல் நான்கு மடங்கு. இரண்டு வரிகளையும் கூட்டினால் ஏறக்குறைய சமம். உ.பி.யின் மக்கள்தொகை தமிழ்நாட்டைப் போல் சுமார் மூன்று மடங்கு என்பதைச் சேர்த்துக்கொண்டால், தலைக்கு வரும் வருவாயில் படம் தலைகீழாகிவிடும்.

நோயால் இறந்தவர்கள்?

இது இன்னும் மோசம். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-லிருந்தே இருக்கிறது. 2021-ல் நாடு முழுக்கப் பதிவான இறப்புகள் சுமார் 1.02 கோடி. அவற்றில் என்ன காரணத்தால் இறந்தார் என்று மருத்துவர் சான்றளித்தது 23.4% மட்டுமே. கோவாவில் கிட்டத்தட்ட எல்லா இறப்புக்கும் சான்று உண்டு, பிகாரில் ஒற்றை இலக்க சதவீதம். ஆக, ஒரு மாநிலத்தில் 'இதயநோய் மரணம் அதிகம்' என்றால், அங்கே சான்று எழுதும் மருத்துவமனைகள் அதிகம் என்றுகூட அர்த்தம் இருக்கலாம்.

இந்த ஓட்டையை அடைக்க மாதிரிப் பதிவு முறை இருக்கிறது. தேர்ந்தெடுத்த பகுதிகளில் இறந்தவரின் குடும்பத்திடம் அறிகுறிகளைக் கேட்டு எழுதுவார்கள், அதை வைத்து மருத்துவர்கள் காரணத்தைத் தீர்மானிப்பார்கள். 2021-23 அறிக்கைப்படி, இறப்புகளில் சுமார் 31% இதய, ரத்தநாள நோய்களால். நாடு முழுக்கப் பார்க்க இதுவே மேல்.

வேகத்தையும் கவனியுங்கள். ஒரு மாதத்தின் ஜிஎஸ்டி வசூல், மாநில வாரியாக, அடுத்த மாதத் தொடக்கத்திலேயே கைக்கு வந்துவிடும். 2021-ன், அதாவது கொரோனா இரண்டாம் அலை ஆண்டின் இறப்புப் பதிவு அறிக்கை வெளியானது 2025 மே மாதம்.

உங்கள் வீட்டில் ஒரு இறப்பு நேர்ந்தால் இது நேரடியாக உங்களைத் தொடும். 2023-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, அரசு, தனியார் என எந்த மருத்துவமனையாக இருந்தாலும் இறப்புக் காரணச் சான்றைக் கட்டணமின்றிப் பதிவாளருக்குக் கொடுத்து, நெருங்கிய உறவினருக்கும் ஒரு நகல் தர வேண்டும். வீட்டில் இறந்தால், கடைசியாகச் சிகிச்சை அளித்த மருத்துவர் தர வேண்டும். துக்க நேரத்தில் கேட்கத் தோன்றாது, ஆனாலும் கேட்டு வாங்குங்க. காரணம் என்ற இடத்தில் 'இதயம் நின்றது' என்று மட்டும் எழுதியிருந்தால், எந்த நோயால் நின்றது என்று கேளுங்க. சாகிற எல்லோருக்கும் இதயம் நிற்கும்.