குப்பாயம்

ஸ்டீம்பங்க் எனும் நீராவி யுகக் கற்பனைப் பாணியில் விக்டோரியா காலத்து மேற்சட்டை தைப்பவர்கள் அதற்குத் தமிழ்ப் பெயர் தேடி அலைய வேண்டாம், குப்பாயம் இருக்கிறது. சீவக சிந்தாமணியில் மிலேச்சன், அதாவது அயலான், அணிந்த சட்டை அது. கன்னடத்தில் குப்பச. பெண்களின் மார்புச் சட்டையைக் குறிக்கும் வடமொழிக் 'கூர்ப்பாசம்' இதன் உறவுச்சொல்.

மலையாளத்திலும் குப்பாயம்தான். திருவிதாங்கூரில் இது வெறும் தையல் சொல்லாக இருக்கவில்லை. மேலாடை மறுக்கப்பட்டிருந்த நாடார் பெண்களில் கிறித்தவரானவர்கள் குப்பாயம் போடலாம் என்று பிரிட்டிஷ் ரெசிடென்ட் மன்றோ காலத்தில் அனுமதி வந்தது. ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல் தோளில் சீலை போடக்கூடாதாம்! தைத்தது சரி, போர்த்தினால் குற்றம். 1859இல் எல்லா நாடார் பெண்களுக்கும் மேலாடை உரிமை தந்த அரச அறிவிப்பும் அந்த ஒரு தடையை விடவில்லை. லண்டனில் அப்போது விக்டோரியாதான் அரசி.