வெளிநாட்டுத் தொழில் தகுதி அங்கீகாரம் (ஜெர்மனி)

வெளிநாட்டுத் தொழில் தகுதி அங்கீகாரம் என்பது, ஒருவர் தம் நாட்டில் முறையாகப் பயின்று பெற்ற தொழிற்சான்றிதழ், அவர் வேலைக்குச் செல்லும் நாட்டில் அதே தொழிலுக்கு வழங்கப்படும் சான்றிதழுக்கு நிகரானதா என்பதை அந்நாட்டின் அதிகாரம் பெற்ற அமைப்பு ஆராய்ந்து முடிவு செய்யும் நடைமுறையாகும். எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், வெல்டர் போன்ற தொழில்களில் தேர்ந்தவர் அயல்நாட்டில் தொழில் வல்லுநராக மதிக்கப்படுவதும் வெறும் உதவியாளாக நிறுத்தப்படுவதும் பெரும்பாலும் இம்முடிவைப் பொறுத்தே அமைகின்றன. இந்நடைமுறையைத் தனிச்சட்டத்தால் வகுத்துள்ள நாடுகளுள் ஜெர்மனி குறிப்பிடத்தக்கது.

சட்டப் பின்னணி

ஜெர்மனியில் இத்தகைய ஒப்பீட்டைக் கோரும் உரிமை முன்பு பெரும்பாலும் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கும், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து திரும்பிக் குடியேறிய ஜெர்மன் வம்சாவளியினருக்குமே இருந்தது. 2012 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த அங்கீகாரச் சட்டம், விண்ணப்பிப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்று பாராமல், அவர் பெற்ற பயிற்சியை மட்டுமே அளவுகோலாகக் கொண்டு அவ்வுரிமையை அனைவருக்கும் விரித்தது. 2020 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திறன்மிகு பணியாளர் குடியேற்றச் சட்டம், இந்த அங்கீகாரத்தை வேலை விசாவோடு இறுகப் பிணைத்தது.

தொழில்களின் வகைப்பாடு

தொழில்கள் இரு வகையாகப் பிரிக்கப்படுகின்றன. உரிய தகுதி அங்கீகரிக்கப்பட்டாலன்றிச் செய்ய இயலாதவை முறைப்படுத்தப்பட்ட தொழில்கள் எனப்படும். செவிலியர் பணி அதற்குச் சான்று. மற்றவை முறைப்படுத்தப்படாத தொழில்கள். எலக்ட்ரீஷியன் ஒரு நிறுவனத்தில் ஊழியராக இருக்கும்வரை அவர் தொழில் இரண்டாம் வகையைச் சேரும். ஆனால் சொந்தமாகத் தொழில் நடத்த முற்பட்டால், ‘மைஸ்டர்’ எனப்படும் ஆசான் நிலைத் தகுதியையோ அதற்கு ஈடான அனுமதியையோ அவர் பெற்றிருக்க வேண்டும். இக்கட்டாயம் தற்போது 53 கைவினைத் தொழில்களுக்கு உண்டு.

ஒப்பீட்டு முறை

கைவினைத் தொழில்களுக்கான விண்ணப்பங்களை வட்டாரக் கைவினைத் தொழிற்சபைகளும், ஆலை மற்றும் வணிகத் தொழில்களுக்கான பெரும்பாலான விண்ணப்பங்களை நியூரம்பெர்க் நகரிலுள்ள ஐஎச்கே ஃபோசா என்னும் மைய அமைப்பும் ஏற்கின்றன. கட்டணம் பொதுவாக 100 முதல் 600 யூரோ வரை ஆகும். மொழிபெயர்ப்புச் செலவு தனி. ஆவணங்கள் முழுமையாகச் சேர்ந்த பின் மூன்று மாதத்திற்குள் முடிவு வழங்கப்பட வேண்டும் என்பது விதி. வேலை தருபவர் 411 யூரோ செலுத்தி விரைவு நடைமுறையைத் தொடங்கினால், அக்காலம் இரண்டு மாதமாகக் குறையும்.

இந்திய எலக்ட்ரீஷியன் ஒருவரின் விண்ணப்பம் இம்முறையைத் தெளிவாகக் காட்டும். ஐடிஐயில் அவர் பயின்றது இரண்டாண்டுப் படிப்பு. கட்டட மின்பணிக்கான ஜெர்மானியப் பயிற்சியோ மூன்றரை ஆண்டு. ஆயினும் கால அளவை மட்டும் கொண்டு விண்ணப்பம் தள்ளப்படுவதில்லை. வயரிங், மின்காப்பு, அளவீடு, கட்டுப்பாட்டுக் கருவிகள் என்று பாடங்கள் ஒவ்வொன்றாக ஒப்பிடப்படுகின்றன. பாடத்திட்டத்தில் காணப்படும் குறையைப் பணி அனுபவம் ஈடு செய்கிறதா என்பதும் கணக்கில் கொள்ளப்படுகிறது. ஆகவே, ‘எலக்ட்ரீஷியனாகப் பணிபுரிந்தார்’ என்று ஒரே வரியில் முடியும் அனுபவச் சான்றிதழைவிட, அவர் எந்தப் பலகையைப் பொருத்தினார், எந்த மோட்டாரைப் பழுது பார்த்தார், எத்தனை ஆண்டு செய்தார் என்று விரித்துரைக்கும் சான்றிதழே பெரிதும் பயன்படும்.

ஒப்பீட்டின் முடிவு முழு நிகர்மை, பகுதி நிகர்மை, நிராகரிப்பு என்னும் மூன்றில் ஒன்றாக அமையும். பகுதி நிகர்மை பெற்றவருக்கு விடுபட்ட திறன்கள் எழுத்தில் பட்டியலிடப்படும். அவற்றை ஒரு நிறுவனத்தில் பயின்று முடித்து, முழு நிகர்மை கோரலாம். தம் தவறின்றி ஆவணங்களை இழந்தவர்களுக்குத் தகுதிப் பகுப்பாய்வு என்னும் வழி உண்டு. அதில் வல்லுநர்கள் முன்னிலையில் வேலையைச் செய்து காட்டியும் உரையாடலில் விளக்கியும் திறனை நிறுவலாம்.

அண்மைய மாற்றங்கள்

2024 மார்ச் முதல் அங்கீகாரக் கூட்டுடன்பாடு என்னும் ஏற்பாடு நடைமுறையில் உள்ளது. தம் நாட்டு அரசு ஏற்ற, குறைந்தது இரண்டாண்டுப் பயிற்சியும், ஏ2 நிலை ஜெர்மன் மொழியறிவும், வேலை ஒப்பந்தமும் உடையவர் முதலில் ஜெர்மனி சென்று பணியில் சேர்ந்து, அங்கிருந்தே அங்கீகாரத்தைப் பெற இது இடமளிக்கிறது. இந்தியாவும் ஜெர்மனியும் 2022 டிசம்பரில் குடிபெயர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன; இந்தியத் திறன் பணியாளர்களுக்கான விசா எண்ணிக்கையை ஆண்டுக்கு 20,000 என்பதிலிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் ஜெர்மனி அறிவித்தது.

மதிப்பீடு

முழு நிகர்மை பெற்றவர், அத்தொழிலில் ஜெர்மானியச் சான்றிதழ் உடையவருக்கு இணையான உரிமைகளைப் பெறுகிறார். பல ஆண்டுகள் உழைத்துக் கற்ற தொழில் எல்லை கடந்ததும் மதிப்பிழந்து போகாமல் காப்பதே இச்சட்டத்தின் சிறப்பு. எனினும் இந்த ஒப்பீடு பெரும்பாலும் எழுத்தில் உள்ளதையே எடைபோடுவதால், தேசியத் தொழிற்சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பாடத்திட்டம், விரிவான அனுபவச் சான்றிதழ் ஆகியவற்றை ஊரை விட்டுப் புறப்படும் முன்பே திரட்டி வைத்துக்கொள்வது தொழிலாளிக்கு இன்றியமையாதது.