ராசா தோட்டப்புறத்துப் பழைய பிக்கப்புக்கு எக்ஸ்ட்ராக்டர்: ஓர் ஆய்வு

1. களம்

நெகிரி செம்பிலானின் தலைநகரான சிரம்பானை ஒட்டித் தெற்கே கிடப்பது ராசா. சுங்கை ஊஜோங்கில் தோண்டிய ஈயம் லிங்கி ஆற்று வழியே கடலுக்குப் போன காலத்திலிருந்தே இந்த வட்டாரம் சுமை ஏற்றி இறக்கிப் பழகியது. 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. பிறகு ரப்பர் வந்தது, ரப்பரை வெட்டிச் செம்பனை வந்தது. தோட்ட நிலம் பெருமளவு வீடமைப்புக்குப் போய்விட்டது. சிரம்பான் 2 அப்படி எழுந்ததுதான். ஆனாலும் மம்பாவ், ரந்தாவ், சிலியாவ் பக்கம் செம்மண் பாதைகளும் குலை ஏற்றும் வேலையும் இன்னும் இருக்கின்றன. தோட்டத்து வேலையை விட்டுச் சிறு குத்தகைக்காரர் ஆனவர்களுக்குப் பழைய பிக்கப்தான் முதல்.

இவ்வாய்வு இரண்டு வகை வண்டிகளை எடுத்துக்கொள்கிறது. ஒன்று, டர்போ இல்லாத டீசல் எஞ்சின் கொண்ட பழைய டொயோட்டா ஹைலக்ஸ்: 2,446 சி.சி. கொள்ளளவுள்ள 2எல், 2,779 சி.சி. கொள்ளளவுள்ள 3எல். மற்றொன்று, 2002இல் வெளிவந்த புரோட்டோன் அரீனா: வீரா காரின் உடலை நீட்டிப் பின்புறம் தொட்டி வைத்தது, 1,468 சி.சி. 4ஜி15 பெட்ரோல் எஞ்சின். இரண்டுக்கும் பட்டறையில் ஒரே யோசனையைத்தான் சொல்கிறார்கள்: வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்று, எக்ஸ்ட்ராக்டர் போடு. ஒன்றுக்கு அது ஓரளவு சரியான மருந்து. மற்றதற்கு வீண் செலவு. எதற்கு எது என்பதைக் காரணத்தோடு காட்டுவதே இங்கு நோக்கம்.

2. எக்ஸ்ட்ராக்டர் செய்யும் வேலை

நான்கு சிலிண்டர்களின் புகையும் வெளியேறிச் சேரும் இடம் மேனிஃபோல்டு. தொழிற்சாலையில் வார்த்தது குட்டையாக, கனமாக இருக்கும்; விலை குறைவு, ஓசை குறைவு, ஆயுள் நீளம். குறை ஒன்றுதான்: ஒரு சிலிண்டர் புகையைத் தள்ளும் நேரத்தில் அடுத்த சிலிண்டரின் வால்வு திறந்திருந்தால் அந்த அழுத்தம் அதன் வாசலில் போய் மோதும். போக வேண்டிய புகையில் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடும். தங்கிய அளவுக்குப் புதுக் காற்று குறையும்.

எக்ஸ்ட்ராக்டரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய். எரியும் வரிசை 1-3-4-2 ஆனதால், 1ஐயும் 4ஐயும் ஒரு சோடியாகவும் 2ஐயும் 3ஐயும் மறு சோடியாகவும் சேர்த்தால், சோடிக்குள் இரண்டு வெளியேற்றங்களுக்கு நடுவே ஒரு முழுச் சுற்று இடைவெளி கிடைக்கும். இரண்டு சோடிகளும் பிறகு ஒரே குழாயாகும். இதுதான் 4-2-1. நான்கும் நேரே ஒரே இடத்தில் சேர்ந்தால் 4-1.

எஞ்சினுக்குப் பேக் பிரஷர் வேண்டும் என்று பட்டறைகளில் அடிக்கடி கேட்கிறோம். அது தவறு. எந்த எஞ்சினுக்கும் பின்னழுத்தம் நன்மை செய்வதில்லை. வேண்டியது புகையின் வேகம். குழாய் அளவுக்கு மீறி அகன்றால் வேகம் விழும், கீழ்ச்சுற்றில் இழுவை போகும். அப்படிப் போன இழுவையைப் பார்த்துத்தான் "பிரஷர் போய்விட்டது" என்கிறார்கள். கண்டது சரி, சொன்ன காரணம் பிழை.

3. அரீனா: அளவே எல்லாம்

எஞ்சின் கட்டுபவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் ஒரு கணக்கு உண்டு. வெளியேற்ற வால்வு திறந்ததிலிருந்து பிஸ்டன் உச்சியை அடையும் வரை தண்டு திரும்பும் பாகைகளை 850ஆல் பெருக்கி, நிமிடச் சுற்றால் வகுத்து, 3ஐக் கழித்தால் முதற்குழாயின் நீளம் அங்குலத்தில் வரும். வால்வு அடிமட்டத்துக்கு 50 பாகை முன்னதாகத் திறப்பதாகக் கொள்வோம். மொத்தம் 230 பாகை. 6,000 சுற்றுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 75 செ.மீ. 4,000 சுற்றுக்கு 117 செ.மீ. 3,000 சுற்றுக்கு 158 செ.மீ.

இந்த மூன்று எண்களில்தான் விஷயம் இருக்கிறது. குலை ஏற்றிய வண்டி செம்மண் மேட்டில் ஏறும்போது எஞ்சின் 6,000 சுற்றுக்குப் போவதில்லை. 2,500க்கும் 4,000க்கும் இடையில்தான் உழைக்கும். கடையில் தொங்கும் பளபளப்பான 4-1, குட்டைக் குழாய்களோடு, நெடுஞ்சாலையில் விரட்டும் வீராவுக்காகச் செய்தது. அதை வாங்கி அரீனாவில் பூட்டியவருக்கு மேட்டில் முன்பைவிட மோசமான இழுவை கிடைப்பதில் வியப்பில்லை. 4-2-1 அமைப்பில் முதற்குழாயும் இரண்டாம் குழாயும் சேர்ந்து நீளம் கொடுப்பதால் நடுச்சுற்று வேலைக்கு அதுவே ஏற்றது.

விட்டத்துக்கும் இதே முறையில் கணக்குண்டு. 4ஜி15இன் ஒரு சிலிண்டர் 367 சி.சி. 6,000 சுற்றைக் குறிவைத்தால் சுமார் 36 மி.மீ. உள்விட்டம் வருகிறது, 4,000 சுற்றைக் குறிவைத்தால் 29 மி.மீ. பெரியதே நல்லது என்று வாங்குகிறவர் தன் வேலைக்கு நேரெதிரான பொருளை வாங்குகிறார்.

இன்னொன்று. ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டியில் அதற்கான திருகுவாய் எக்ஸ்ட்ராக்டரில் முன்பிருந்த இடத்துக்கு அருகிலேயே இருக்க வேண்டும். அதற்கு முன்னால் எங்கேனும் கசிவு இருந்தால், இரண்டு அழுத்தங்களுக்கு நடுவே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் அதைப் பெட்ரோல் குறைவு என்று படிக்கும். கணினி பெட்ரோலைக் கூட்டும். செலவு செய்து பூட்டிய பிறகு எண்ணெய்ச் செலவும் ஏறினால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

4. ஹைலக்ஸ்: வேறு நோய், வேறு மருந்து

டர்போ இல்லாத டீசலில் எக்ஸ்ட்ராக்டரால் வரும் ஆதாயம் சொற்பம். காரணம் எஞ்சினின் அமைப்பிலேயே உள்ளது. இந்த எஞ்சின்களின் அமுக்க விகிதம் 22க்கு 1 அளவில் இருப்பதால், உச்சியில் பிஸ்டனுக்கும் தலைக்கும் இடையே இடமே இல்லை. ஆகவே உள்வால்வும் வெளிவால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் காலத்தை மிகக் குறுக்கி வைத்திருக்கிறார்கள். எக்ஸ்ட்ராக்டர் தன் உறிஞ்சும் வேலையைச் செய்வது அந்தக் காலத்தில்தான். வாய்ப்பே குறுகியிருக்கும்போது நல்ல குழாயும் செய்வதற்கு அதிகம் இல்லை.

2024 ஜூன் 10 முதல் தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியது. அந்த நிலையில் எண்ணெயை மிச்சப்படுத்தும் என்று எதைச் சொன்னாலும் காது கொடுக்கத் தோன்றும். ஆனால் ஹைலக்ஸ் கரும்புகை கக்கினால், உள்ளே வரும் காற்றுக்கு மிஞ்சி டீசல் போகிறது என்று பொருள். ஏர் ஃபில்ட்டர், இன்ஜெக்டர் நாசில், பம்ப் டைமிங் ஆகிய மூன்றையும் பார்த்த பிறகுதான் புகைக்குழாய் பக்கம் வர வேண்டும். அங்கும் தலைப்பக்கத்தைவிட வால்பக்கமே குற்றவாளியாக இருப்பது வழக்கம்: கரி அடைத்த சைலன்சர், கல்லில் மோதி நசுங்கிய குழாய். இவற்றைச் சரிசெய்வது எக்ஸ்ட்ராக்டர் விலையில் சிறு பங்கில் முடியும்.

டர்போ உள்ள டீசலுக்கு மெல்லிய குழாய் எக்ஸ்ட்ராக்டரை அறவே தவிர்க்கலாம். டர்போவின் எடையையும் சூட்டையும் தாங்குவது வார்ப்பிரும்பு. மெல்லிய தகடு மேடுபள்ளத்தில் குலுங்கிக் குலுங்கி வெல்டிங் ஓரத்தில் விரியும்.

5. உலோகமும் தோட்டத்து மண்ணும்

304 வகை எவர்சில்வர் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கை இங்கே முழுதாகப் பலிக்காது. செம்பனைக்கு அதிகம் போடுவது பொட்டாஷ் உரம். வேதியியலில் அது பொட்டாசியம் குளோரைடு. மூட்டை கிழிந்து தொட்டியில் சிந்துவதும் மழைநீரில் கரைந்து அடிப்பக்கம் வழிவதும் அன்றாடம். குளோரைடு எவர்சில்வரின் மேற்படலத்தைத் துளைக்கும்; சாதாரண இரும்பை இன்னும் வேகமாகத் தின்னும். உரம் ஏற்றிய நாளில் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது எந்த விலையுயர்ந்த பூச்சையும்விடப் பயன் தரும். ஆனால் எஞ்சின் ஆறிய பிறகே கழுவ வேண்டும். குழாயைச் சுற்றிச் சூடுதடுப்புத் துணி கட்டுவதும் இங்கே தகாது. அது ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பை உள்ளுக்குள் அரிக்கும்.

விரிவையும் கணக்கில் கொள்ள வேண்டும். 40 செ.மீ. நீளமுள்ள 304 தகடு 400 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 2.7 மி.மீ. நீளும்; வார்ப்பிரும்பு 1.8 மி.மீ.தான் நீளும். ஆகவே நல்ல எக்ஸ்ட்ராக்டரில் தலையோடு சேரும் தகடு தடிமனாகவும், ஓரத் துளைகள் சற்றே நீள்வட்டமாகவும் இருக்கும். மெல்லிய ஒற்றைத் தகட்டில் வட்டத் துளைகள் மட்டுமிருந்தால் சில மாதத்தில் கோணும், கேஸ்கெட் ஊதும்.

6. பட்டறையில்

பழைய வண்டியில் நேரத்தை விழுங்குவது மேனிஃபோல்டைத் தலையோடு பிணைக்கும் ஸ்டட். கழற்றுவதற்கு முந்தைய நாளே ஊடுருவும் எண்ணெய் விட வேண்டும். பாதி எஞ்சின் சூட்டில் சாவியை முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்துத் தளர்த்த வேண்டும். உடைந்துவிட்டால் அவசரப்பட்டுத் துளை போடக் கூடாது. எஞ்சிய முனைமேல் ஒரு நட்டை வைத்து, அதன் நடுத்துளை வழியே வெல்டிங் செய்தால், அந்தச் சூடே துருவைத் தளர்த்தும்; சிவப்பு மங்கியபின் நட்டைப் பிடித்துத் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும்.

தலையின் முகத்தில் நேர்கோலை வைத்துப் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்ப்பது அடுத்தது. பூட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று தவணையாக முறுக்க வேண்டும். நன்றாகச் சூடேறி ஆறிய பின் மறுபடி முறுக்க வேண்டும். காலையில் முதல் முடுக்கில் "டிக் டிக்" என்று கேட்டு, சூடேறியதும் அடங்கினால் அது கசிவு. கேஸ்கெட் ஓரத்தில் விசிறிபோலக் கரி படிந்திருக்கும். இதை அலட்சியம் செய்யலாகாது. அரீனாவில் கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு மணமில்லை, அது ஓட்டுநர் அறைக்குள் வரும். ஹைலக்ஸின் தொட்டியில் கித்தான் கட்டி ஆட்களை ஏற்றுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அடிக்குழாய் கசிந்தால் புகை சேர்வது அந்தக் கித்தானுக்குள்தான்.

7. சட்டம்

1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், வாகன ஓசைக்கு 1987 விதிகளும் டீசல் புகைக்கு 1996 விதிகளும் நடப்பில் உள்ளன. டீசல் புகையின் அடர்த்தி 50 எச்.எஸ்.யு. (புகை அளக்கும் அலகு) அளவைத் தாண்டக் கூடாது. வணிகப் பதிவுள்ள பிக்கப் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போக வேண்டும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை வெட்டி எறிந்து நேர்க்குழாய் போடுவது சட்டப்படியும் தவறு, அக்கம்பக்கத்தாருக்கும் தீங்கு. விடியற்காலை தோட்டத்துக்குக் கிளம்பும் வண்டி குடியிருப்பு வழியாகத்தான் போகிறது.

ஆகவே ராசா வட்டார வண்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹைலக்ஸ் வைத்திருப்பவர் எக்ஸ்ட்ராக்டருக்கு எடுத்து வைத்த பணத்தை இன்ஜெக்டருக்கும் சைலன்சருக்கும் போடுங்கள். அரீனா வைத்திருப்பவர் நீளமான, விட்டம் சிறுத்த குழாயுள்ள 4-2-1ஐக் கேட்டு வாங்குங்கள். கழற்றிய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் விரிசல் இல்லையென்றால் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி வையுங்கள். அரீனா உற்பத்தி நின்றுவிட்டது, நல்ல மேனிஃபோல்டு கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு அரிதாகிறது.