எல்ஸ்டோ ஊர்ப் பாத்திரக்காரர்

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதன் ஆங்கில மூலத்தை எழுதியவர் ஜான் பன்யன். இந்தக் கட்டுரை அவருடைய அப்பா தாமஸ் பன்யனைப் பற்றியது.

இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு நகருக்குப் பக்கத்தில் எல்ஸ்டோ என்ற கிராமம். அங்கே தாமஸ் பித்தளைப் பாத்திர வேலைக்காரர். ஊர் ஊராகப் போய் ஓட்டை அடைத்துக் கொடுப்பார். இப்படிப்பட்டவரின் வாழ்க்கையை அறிய வழி? 1538 முதல் ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க வேண்டும் என்று அரசாணை இருந்தது. அந்த வரிகள்தான் வழி. (அன்று புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்ததால், பதிவேட்டின் 1602 பிப்ரவரி நமக்கு 1603. தேடுபவர்கள் தடுக்கி விழும் இடம் இது!)

1603-இல் ஞானஸ்நானம். 1623-இல் முதல் திருமணம். 1627-இல் அந்த மனைவி இறக்க, அதே ஆண்டு மார்கரெட் பென்ட்லியுடன் இரண்டாம் திருமணம். 1628 நவம்பரில் மகன் ஜானுக்கு ஞானஸ்நானம்.

பிறகு வருகிறது 1644. ஜூனில் மார்கரெட் அடக்கம். ஜூலையில், அம்மாவின் பெயரையே கொண்ட மகள் அடக்கம். ஆகஸ்டில் தாமஸுக்கு மூன்றாம் திருமணம். நவம்பரில் பதினாறு வயது ஜான் பாராளுமன்றப் படையில் இருக்கிறான்.

சித்தி வந்த கோபத்தில் மகன் வெளியேறினான் என்று சிலர் கதை கட்டுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. உள்நாட்டுப் போர் நடந்த காலம், படைக்கு ஆள் பிடித்தார்கள். அப்பாவையும் கல்நெஞ்சர் என்று சொல்ல மனம் வரவில்லை. தொழிலுக்காக ஊர் சுற்றுபவர் வீட்டில் அடுப்பையும் பிள்ளைகளையும் யார் பார்ப்பது? பதிவேடு தேதியைச் சொல்லும், அழுகையைச் சொல்லாது.

தன் குடும்பம் மிகத் தாழ்ந்தது என்று ஜான் பின்னாளில் எழுதினார். ஆனால் 1885-இல் அவர் வரலாற்றை எழுதிய ஜான் பிரவுன், பழைய ஆவணங்களைத் துருவி, 1199-லேயே அந்தப் பக்கத்தில் பன்யன்கள் இருந்ததைக் காட்டினார். நிலம் வைத்திருந்தவர்கள், கொஞ்சம் கொஞ்சமாக விற்றுத் தீர்த்திருக்கிறார்கள். (இந்தப் பிரவுனின் மகள் வயிற்றுப் பேரன்தான் பொருளாதார மேதை கெய்ன்ஸ்.) அந்த ஏழ்மையிலும் தாமஸ் மகனைப் பள்ளிக்கு அனுப்பினார்.

1675-இல் உயில் எழுதினார். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு ஷில்லிங், மற்றதெல்லாம் மனைவிக்கு. ஒரு ஷில்லிங் அன்று ஏறக்குறைய ஒரு நாள் கூலி. 'உன்னை மறக்கவில்லை' என்பதற்கான அடையாளமாகவும் அப்படி எழுதுவது வழக்கம். 1676 பிப்ரவரியில் இறந்தார். மகனின் புத்தகம் அச்சானது 1678-இல்.