நாடியற்ற நோயும் சித்த மருத்துவ நாடித் தேர்வும்

தமனிச் சுவர் அழற்சியுற்றுத் தடித்து, குருதி செல்லும் வழி குறுகும் நோய்களுள் ஒன்று தகாயாசு நோய். 1908இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிட்டோ தகாயாசு, இளம்பெண் ஒருவரின் விழித்திரைக் குருதிக்குழாய்களில் கண்ட மாற்றத்தை மருத்துவர் கூட்டமொன்றில் விவரித்தார். அக்கூட்டத்திலேயே ஓனிஷி, ககோஷிமா ஆகியோர் இத்தகைய நோயாளரின் மணிக்கட்டில் நாடி புலப்படாமையைச் சுட்டினர். பின்னாளில் இது 'நாடியற்ற நோய்' எனவும் பெயர்பெற்றது.

சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வுகளுள் நாடியும் ஒன்று. ஆணுக்கு வலக்கையிலும் பெண்ணுக்கு இடக்கையிலும் நாடி பார்ப்பது மரபு. தகாயாசு நோய் பெரிதும் இளம்பெண்களையே தாக்குகிறது. இடக்கைக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனி அதில் மிகுதியும் பாதிப்புறுகிறது. இவ்வொற்றுமையைக் கொண்டு சித்தர்கள் இந்நோயை அறிந்திருந்தனர் எனக் கொள்ளுதல் பொருந்தாது. மரபில் நாடி, வாத பித்த ஐயங்களின் நிலையை உணர்த்துவது. தமனியடைப்பு அதன் கருத்துவட்டத்தில் இல்லை. மேலும், ஒரு கையின் நாடி குன்றியமையை மறுகையோடு ஒப்பிட்டே துணிய இயலும்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் பங்கேற்று உருவாக்கிய 'இட்டாஸ் 2010' என்னும் இந்திய அளவீடு, நாடியிழப்பையும் நாடி வேறுபாட்டையும் நோய்த்தீவிரக் குறிகளாகக் கணக்கிடுகிறது. இருகையிலும் நாடி பார்க்கும் செலவற்ற வழக்கம், பக்கவாதமோ பார்வையிழப்போ நேருமுன் இந்நோயை ஐயுற உதவும்.